அளத்தெருவில் பாய்ந்த கம்ப்யூட்டர் தண்ணீர்

பிரமிப்பில் இருக்கிறவன் கையில் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. எழுபதுகளின் நடுவில் எங்கள் டவுன் பஞ்சாயத்து என் கையில் குடிநீரைக் கொடுத்திருந்தது.

ஆறுமுகநேரிக்கு அடுத்த எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். தாமிரபரணியிலிருந்து குழாயில் வருவதைத் தெருவாரியாக முறைவைத்து விடும் இளம் பொறியாளன் நான். பயிற்சிக்காகச் சென்னைக் கல்லூரி ஒன்றுக்குப் போனபோதுதான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். (சொல்லாவிட்டாலும் கழற்றியிருப்பேன்.) எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று கணக்கிட ஒரு புரோகிராம் எழுதினேன். தெருவுக்கு ஓர் அட்டை. அதில் குழாய்களின் எண்ணிக்கையைத் துளைகளாகக் குத்திக் கொடுத்தேன். என் உயரத்துக்கு நின்ற மிஷின் படபடவென்று அச்சடித்துத் தள்ளியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த நீளத் தாளைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினோம். தலைவர் அதற்குச் சந்தனம் வைத்தார். யாரோ கதம்ப மாலையும் போட்டுவிட்டார்கள்.

பங்குனி மாதம், உப்பு வாரும் காலம். புதிய முறை தொடங்கிய நாள். ஊரின் கடைசியில், உப்பளத்தை ஒட்டியது அளத்தெரு. மொத்தம் நாலு குழாய். தண்ணீர் எட்டிப் பார்ப்பதே அபூர்வம் என்பதால், வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று அங்கே குழாய்களை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். அன்று காலை வந்த தண்ணீர், குடங்கள் நிறைந்து, அண்டாக்கள் நிறைந்து, பிறகும் நிற்கவில்லை.

“ஏளா, தாமிரபரணியே நம்ம தெருவுக்குக் குடி வந்துட்டு!” என்று ஒரு பெண் கூவினாளாம். ஆடுகளைக்கூடக் குளிப்பாட்டினார்களாம்.

வால்வு திறக்கும் அந்தோணி நண்பகலில் அலுவலகத்துக்கு ஓடி வந்தார். “சார், மத்த தெருல சொட்டு இல்ல. அங்கன ஆறா ஓடுது. அடைச்சிரட்டா?”

தாளைப் பார்த்தேன். அளத்தெரு, சாயங்காலம் வரை. “அடைக்காதீங்க. மிஷின் ஏதோ யோசிச்சுத்தான் போட்டிருக்கும்.”

“அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுது?” என்றார் தலைவர்.

தெருவை நிறைத்த தண்ணீர் உப்பளத்தில் இறங்கியது. அங்கே, வாரிக் குவித்த உப்பு அம்பாரம் கட்டி நின்றது. அது சிவசுப்பு அண்ணாச்சியுடையது. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் மகள் செல்விக்கும் எனக்கும் நிச்சயதார்த்தம்.

மடித்துக் கட்டிய வேட்டியும் நனைந்த காலுமாக அண்ணாச்சி வந்தார்.

“ஏலே இன்ஜினியரு! என் உப்ப எங்கலே?” (‘மாப்ளே’ என்ற சொல் அன்று காலையோடு வழக்கொழிந்திருந்தது.)

தலைவர் சுவரைக் காட்டினார். “அண்ணாச்சி, இது மிஷின் போட்ட கணக்கு.”

அண்ணாச்சி தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தோள் துண்டு தானாகக் கைக்கு இறங்கியது. “மிஷினா? அப்ப யாரப் போயி கேக்க? மழை பெஞ்சு கரைஞ்சுட்டுன்னு நெனச்சுக்கிட வேண்டியதுதான். இந்தப் பய என்ன செய்வான், பாவம்.”

பிழைத்தேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் அளத்தெருவின் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்திருந்தேன். அந்த மகத்தான மிஷின் மீது பழி விழுவதை என்னால் தாங்க முடியவில்லை.

“இல்ல மாமா! மிஷின் மேல தப்பே இல்ல! நாலுங்கத நான்தான் ஒரு கட்டம் முன்னால குத்திட்டேன். அடுத்த காலிக் கட்டத்த அது பூஜ்யமா எடுத்துக்கிடும். நாலு நாப்பதாயிட்டு. நான் சொன்னத அட்சரம் பிசகாம செஞ்சிருக்கு, மாமா. என்ன ஒரு மிஷின் பாருங்க!”

என் கண்கள் கலங்கியிருந்தன. அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணாச்சி துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

“அடுத்த உப்பு வாரட்டும். பொறவு பாப்போம்.”

பாத்திகளிலும் நல்ல தண்ணீர் புகுந்துவிட்டதால், மழைக்காலம் போய் அடுத்த உப்பு விளைய மறுவருஷம் ஆயிற்று. அதற்குள் அளத்தெருக்காரர்கள், “மிஷின் எங்களுக்குக் குடுத்தத நீங்க யாரு புடுங்க?” என்று அலுவலகத்தை மறித்துத் தங்களுக்கென ஒரு நிரந்தர முறையை வாங்கிக்கொண்டார்கள். செல்வியும் நானும்தான் உப்புக்காகக் காத்திருந்தோம்.

கல்யாண நாளைத் தமிழ் மாதம், கிழமை, நட்சத்திரம், ஆங்கிலத் தேதி எல்லாம் சேர்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். சொல்லத்தான் வாய்ப்புக் கிடைப்பதில்லை. உங்களுக்கு எப்போது கல்யாணமாயிற்று என்று யார் கேட்டாலும், நான் வாயெடுக்குமுன் செல்வி சொல்லிவிடுகிறாள்:

“இவுக மிஷினுக்குச் சாட்சி சொன்னதுக்கு மறுவருஷம்.”