லீரா அண்ணையின் பதினேழு என்வலப்புகள்

மத்தியதரைக் கடலைக் கண்ணாலும் காணாமல், அந்தக் கடலோரத்தில் எந்த ஊர்க் கக்கூஸ் வாசலில் எவ்வளவு சில்லறை வைக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் லண்டன் டூட்டிங்கில், ஒரு கோழிக்கடைக்கு மேல்மாடியில், வாடகைக்கு இருந்தார். பெயர் லீரா அண்ணை. தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதினால் நாளைக்குக் காலையிலேயே போன் எடுத்து என்னைக் கிழிகிழி என்று கிழிப்பார் என்பதால் விட்டுவிடுகிறேன்.

விக்டோரியா ஸ்டேஷன் பக்கம் வெளிநாட்டுக் காசு மாற்றுகிற ஒரு சின்னக் கடையில் அவருக்கு வேலை. முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் வாயளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் அவர் செய்த விசாரணையை எந்தப் பொலிஸ் ஸ்டேஷனிலும் செய்திருக்க மாட்டார்கள். கப்பல் பயணம் போய்வந்த வெள்ளைக்காரர் மிஞ்சின நோட்டை மாற்ற வருவார்கள். இவர் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்குவார். பஸ் டிரைவருக்கு டிப்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள்? கைடுக்கு? கையில் கொடுத்தீர்களா, மேசையில் வைத்தீர்களா? வாங்கும்போது அவருடைய முகம் எப்படி இருந்தது? பதில் சொல்லி முடிக்கும்வரை மாற்றின பவுண் காசு வெளியே வராது. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைப்பார். அந்தக் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். ‘பார்சலோனா, டிரைவர், சிரித்தார்.’ ‘மார்செய், டாக்சி, சிரிக்கவில்லை, கதவை அடித்துச் சாத்தினார்.’

அந்தக் கடையில் நோட்டை மட்டும்தான் மாற்றுவார்கள், சில்லறையைத் தொடவும் மாட்டார்கள். ஆகவே சனம் சில்லறையைக் கவுண்டரிலேயே கொட்டிவிட்டுப் போகும். முதலாளி குப்பையில் போடச் சொன்னதை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாம் போத்தல்களில் போட்டு, லேபல் ஒட்டி, குசினித் தட்டில் அடுக்கி வைத்தார். ‘கிரேக்கம் – கக்கூஸ்’, ‘ஸ்பெயின் – கோப்பிக்கடை’, ‘இத்தாலி – பெட்டி தூக்கிறவர்’. பக்கத்தில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீனி. என் மனைவி பவளம் ஒருநாள் அங்கே தேத்தண்ணி போடப் போய், போத்தலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட சீனி ஏன் கிலுங்குது?" என்று கேட்டாள்.

தொண்ணூறுகளில் எங்கள் ஆட்களின் கையில் கொஞ்சம் காசு புழங்கத் தொடங்கியது. இரண்டு ஷிப்ட் அடித்தவர்கள் மோர்டனில் வீடு வாங்கினார்கள். வீடு வாங்கியவர்கள் அடுத்ததாகக் கப்பல் சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழிக்கடை மேல்மாடிப் படியில் ஆட்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். டிப்ஸ் கொடுக்க அண்ணை ஒத்திகையே வைப்பார். நான்தான் எப்போதும் பஸ் டிரைவர். ஒரு கதிரையில் உட்கார்ந்து, சுளகைப் பிடித்து ஸ்டியரிங் மாதிரித் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

"நோட்டை நாலாய் மடி. கை குடுக்கிற மாதிரிக் குடு. அவன்ர கண்ணைப் பார், காசைப் பார்க்காத!"

"அண்ணை, ரோமில குடுத்து மிஞ்சினதை ஏதென்சில குடுத்தா என்ன?"

இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கக்கூடாது. கேட்டால் மனிதர் எழும்பி நின்றுவிடுவார்.

"விசர்க்கதை கதையாத! வேற நாட்டுக் காசைக் குடுக்கிறதிலும் பார்க்க ஒண்டும் குடுக்காமல் வாறது மரியாதை. விளங்குதே?"

பட்டப்பெயர் வந்த கதை வேறு. எங்கள் பல் டொக்டர் ஒருவர் அண்ணையிடம் படிக்காமலேயே கப்பல் ஏறிவிட்டார். இத்தாலியில் ஆயிரம் லீரா கொடுத்தால்தான் ஒரு கோப்பி என்று கண்டவர், அடுத்த நாள் மால்ட்டாவில் இறங்கி, அங்கேயும் லீராதானே என்று டாக்சிக்காரருக்கு அலட்சியமாகப் பத்து லீரா நீட்டியிருக்கிறார். மால்ட்டா லீரா ஒன்று எங்கள் பவுணை விடப் பெரிது. டாக்சிக்காரர் கண் கலங்கிப்போய், டொக்டர் குடும்பத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய் இருத்தி, முயல் இறைச்சி சமைத்துப் போட்டாராம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டொக்டர் சுத்த சைவம். திரும்பி வந்தவரைப் பிடித்து வைத்து மூன்று மணித்தியாலம் லீரா, லீரா, லீரா என்று அண்ணை கொடுத்த விரிவுரையோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஏன் ஒருமுறைகூடப் போகவில்லை என்றால், போக வழியில்லை. எண்பத்து நான்கில் அகதியாக வந்து இறங்கியவர். கையில் இருந்தது ஒரு கடிதம், அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து இன்னொரு கடிதம். வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று அந்தக் கடிதத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல ஏலாது. ஊர் உலகத்துக் காசெல்லாம் தினமும் எண்ணுவார். டோவர் துறைமுகத்தைக்கூடத் தாண்டமாட்டார்.

தொண்ணூற்றாறில் அவருக்குப் பாஸ்போட் கிடைத்தது. செய்தி கேட்டு நாங்கள் கேக்கோடு போனால், மனிதர் ஏற்கெனவே என்வலப் வாங்கி வைத்துக்கொண்டு மேசையில் இருக்கிறார்.

"தம்பி, கப்பலுக்கு நீயும் பவளம் பிள்ளையும் கட்டாயம் வரவேணும். இவ்வளவு காலமும் மற்றவைக்கு எண்ணிக் குடுத்தன். ஒருக்கால் என்ர கையால குடுத்துப் பாக்கவேணும்."

பதினேழு என்வலப். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தந்த நாட்டுப் புது நோட்டு. மூடியின் மூலையில் பென்சிலால் ஊர்ப்பெயர், கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில். ஆனால் முகப்பில், கொட்டை எழுத்தில், தன்னுடைய முழுப்பெயரும் டூட்டிங் விலாசமும் போஸ்ட்கோடும்!

"அண்ணை, இதென்ன கலியாண வீடே? பஸ் டிரைவருக்கு விலாசம் எதுக்கு?"

"பேர் எழுதாமல் என்வலப் குடுக்கிறது ஒளிச்சுப் போற மாதிரி. ஆர் தந்தது எண்டு வாங்கிறவனுக்குத் தெரிய வேண்டாமே?"

எங்கள் கலியாண வீடுகளில் அப்படித்தான். விலாசம் இருந்தால்தான் பிறகு நன்றிக் கார்ட் வரும். அந்தப் பழக்கத்தைக் கப்பலேற்றிய முதல் தமிழன் இவராகத்தான் இருக்கும். கப்பலில் நான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பவளம் என் காலை மிதித்தாள்.

முதல் சுற்றுலா நேப்பிள்ஸ். அங்கேயிருந்து பஸ்ஸில் பொம்பெய் இடிபாடுகளைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எரிமலையையோ இடிபாட்டையோ அண்ணை கண்டதாக எனக்கு ஞாபகமில்லை. கோட்டுப் பைக்குள் கைவைத்தபடி, பரீட்சை மண்டபத்துக்குப் போகிற பிள்ளை மாதிரி வாயை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். திரும்பிவந்து பஸ் துறைமுகத்தில் நின்றது. வாசலடியில் கைடு அம்மா குடையோடு நின்றார். மீசை வைத்த டிரைவர் பக்கத்தில். எங்களுக்குப் பின்னால் நாற்பது ஆங்கிலேயர்.

நாலாய் மடிப்பது, கை கொடுப்பது, கண்ணைப் பார்ப்பது எல்லாம் அந்த நிமிடத்தில் அவருக்கு மறந்து போய்விட்டது. உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கைடு அம்மாவிடம் இரண்டு கையாலும் என்வலப்பை நீட்டினார். அவர் பிடித்ததும் இவர் விடவில்லை. என்வலப்பை இருவரும் பிடித்தபடியே, முகத்தைத் திருப்பி, நேராக என்னைப் பார்த்தார்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? படத்தை எடன்! பிள்ளை, நீ அந்தப் பக்கம் வந்து நில்!"

மணமேடையில் நிற்பதுபோல மூன்று பேரும் நின்றார்கள். நான் எடுத்தேன். அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முன்னால் நிற்பவர் செய்வதைப் பின்னால் வருபவர் செய்யாவிட்டால் அவர் ஆங்கிலேயரே இல்லை. அடுத்து இறங்கிய தாத்தாவும் இரண்டு கையாலும் நோட்டை நீட்டிவிட்டு, கமராவைப் பெண்சாதியிடம் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே. ஒழுங்கான ஒரு வரிசை உண்டாகிவிட்டது. கைடு அம்மா இருபதாவது படத்துக்குமேல் தலைமயிரைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார். அந்தத் தள்ளுமுள்ளில் அண்ணை பையிலிருந்து கைக்கு வந்த என்வலப்பை டிரைவரின் கையில் திணித்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்கக் கப்பலில் ஏறினார்.

"எப்பிடி?" என்று கேட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

கப்பல் வெளிக்கிட்டு, சாப்பாட்டு மேசையில் சூப் வந்த நேரம், அண்ணை மிச்ச என்வலப்புகளை எடுத்துச் சரிபார்த்தார். சிரிப்பு போய்விட்டது. நேப்பிள்ஸ் டிரைவருடையது பையிலேயே கிடந்தது. ஏதென்ஸ் டிரைவருடையதைக் காணவில்லை.

"தம்பி... இத்தாலிக்காரனுக்குக் கிரேக்கக் காசைக் குடுத்துப் போட்டன்."

"நோட்டுத்தானே அண்ணை, பாங்கில மாத்துவான்."

"பாங்கில கொமிஷனை உன்ர கொப்பரே கட்டுறது?" என்று பாய்ந்தார். எழும்பிப் போய், வரவேற்பு மேசையிலிருந்த பெட்டையிடம் கப்பலைக் கொஞ்சம் திருப்ப ஏலுமா என்று கேட்டார். அந்தப் பெட்டை பகிடி என்று நினைத்துச் சிரித்தது. நேப்பிள்ஸுக்குப் போன் எடுக்க என்ன செலவு என்று கேட்டார். என்வலப்பிலிருந்த காசைவிடப் பல மடங்கு சொன்னார்கள். சரி, போடுங்கோ என்றார். யாருக்கு என்று கேட்டதும்தான், டிரைவரின் பெயர்கூடத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது.

மேல்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் பவளம் சூப்பைக் கொண்டுபோனாள். வாங்கவில்லை. அப்போதுதான் சொன்னார்.

"வந்த புதுசில ஹோட்டல் ஒண்டில பெட்டி தூக்கினன் பிள்ளை. ஒரு மனிசன், ஆறு பெட்டி, நாலாம் மாடி. கை நிறையச் சில்லறை தந்தான். பாணும் முட்டையும் வாங்குவம் எண்டு கடைக்கு ஓடினன். கடைக்காரன் ஒவ்வொண்டா எடுத்துப் பாத்திட்டு என்னட்டையே தள்ளிவிட்டான். எல்லாம் கிரேக்கக் காசு. குசினியில நிக்குதே முதல் போத்தல், அது அந்தக் காசுதான். இண்டைக்கு நானும் அதையே செய்து போட்டன்."

பயணம் முடியும்வரை மற்ற எல்லாருக்கும் சரியாகக் கொடுத்ததை அந்த மனிதர் கணக்கிலேயே எடுக்கவில்லை. கப்பலில் அதற்குப் பிறகு நான் என்வலப்பைப் பற்றிப் பகிடி விடவில்லை.

லண்டன் வந்த பிறகும் விடவில்லை. இத்தாலி போகிற ஒவ்வொருவரிடமும் கண்ணாடி ஓட்டைக்குள்ளால் ஐயாயிரம் லீராவை நீட்டி, நேப்பிள்ஸில் மீசை வைத்த ஒரு பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடச் சொன்னார். நேப்பிள்ஸில் மீசை வைக்காத டிரைவர் யார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை போன் வந்தது. "உடன வா." நான் பஸ் பிடித்து ஓடினேன். மேசையில் இத்தாலித் தபால்தலை ஒட்டிய ஒரு கடிதம். டிரைவருக்காக அவருடைய மகள் பள்ளிக்கூட இங்கிலீஷில் எழுதியிருந்தாள். நான் வாசித்த வரையில் சாரம் இதுதான்:

‘ஐயா, நீங்கள் தந்தது கிரேக்கக் காசு. அங்கே உங்களுக்குத் தேவைப்படுமே என்று ஓடிவந்தேன், கப்பல் போய்விட்டது. உறையில் விலாசம் இருந்தது, அதனால் அனுப்புகிறேன். இத்தனை வருட வேலையில், கொடுத்தவர் தன் பெயரையும் எழுதித் தந்தது இதுதான் முதல் தடவை. இன்னொன்றும் வைத்திருக்கிறேன். முன்பு ஒரு பயணி எனக்குத் தந்தது, இங்கே ஒரு கடையிலும் எடுக்கிறார்கள் இல்லை. அது உங்கள் நாட்டுக் காசு. உங்களிடமே இருக்கட்டும்.’

உறையைக் கவிழ்த்தேன். கிரேக்கத் திராக்மா நோட்டுகள் ஒன்றும் குறையாமல் விழுந்தன. கூடவே ஒரு பத்துப் பென்ஸ். அதுவும் பழைய பெரிய பத்துப் பென்ஸ், லண்டனிலேயே செல்லாமல் போய் மூன்று வருடமாகிவிட்டது.

"அண்ணை, இது இஞ்சையும் செல்லாது" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நாணயத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பன்னிரண்டு வரியம் பேப்பர் பேப்பரா அடுக்கினன் தம்பி. பாஸ்போட்டைத் தரேக்கையும் ஒருத்தரும் இப்பிடிச் சொல்லேல்லை. இவன் சொல்லியிருக்கிறான் பார், என்ர நாட்டுக் காசாம்."

அன்றைக்கே ஐயாயிரம் லீராவைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பிறகு ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்து, அந்தப் பத்துப் பென்ஸை உள்ளே போட்டார். லேபலில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘எங்கட நாடு’ என்று எழுதி, கிரேக்கப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். மற்றப் போத்தல்களில் பயணம் போகிற யாரும் அள்ளிக்கொண்டு போகலாம். அதில் மட்டும் ஒருவரையும் கை வைக்க விடமாட்டார்.

நானும் பவளமும் அதற்குப் பிறகு இரண்டு முறை கப்பலேறிவிட்டோம். நாலாய் மடித்துக் கண்ணைப் பார்த்துக் கொடுக்க எனக்கு நன்றாகவே தெரியும், எத்தனை ஞாயிற்றுக்கிழமை சுளகு பிடித்தவன் நான். இருந்தாலும் பஸ் டிரைவருக்குக் கொடுக்கும்போது என்வலப்பில்தான் கொடுக்கிறேன், முகப்பில் என் பெயரையும் வீட்டு விலாசத்தையும் போஸ்ட்கோடோடு எழுதி.