ஏழுமலையின் இடது மாடு

அரைகுறையாகப் படித்தவனிடம் ஒரு மாட்டை நம்பி ஒப்படைக்கலாம். எண்பத்து மூன்று வண்டிகள் நிற்கும் வரிசையை ஒப்படைக்கக் கூடாது. பட்டவன் சொல்கிறேன். எண்பத்து மூன்று என்பதும் சரியான கணக்கு. இரண்டு முறை எண்ணினேன்.

அப்போது நான் கால்நடை மருத்துவம் கடைசி வருடம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், படிப்பு சென்னையில், பயிற்சி கடலூரில். லாட்ஜ் அறையில் மூட்டைப்பூச்சி (முதல் நாள் பத்தொன்பது, அதோடு எண்ணுவதை விட்டேன், தூங்க வேண்டாமா). ஊரை விட்டு வந்து எத்தனை நாள் என்று குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் ஒரு கோடு போடுவேன். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி அண்ணாமலை நகர் போவேன். அங்கே விடுதியில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் விவசாயம் படித்தான். தேங்காய் அரைக்காத மீன் குழம்பை இருவரும் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு மணி நேரம் திட்டினால், அடுத்த ஆறு நாளைக்குத் தாங்கும்.

எனக்குப் பயிற்சி கொடுத்த டாக்டர் அதிகம் பேசாதவர். அவர் என் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம், பட்டம் கிடைத்தால்தான் ஊர். ஒரு நாள் காலை அவர் சொன்னார்: "நெல்லிக்குப்பத்துல சக்கர ஆலை வாசல்ல கரும்பு வண்டிங்க நிக்கும். மாட்டுங்க கழுத்தப் பாத்து எழுதிக்கிட்டு வா. புண்ணு இருந்தா மருந்து போடு. வேற ஒண்ணும் பண்ணிடாத."

வேறு ஒன்றைத்தான் பண்ணினேன்.

வரிசையில் நாற்பத்தோராவது வண்டி ஏழுமலை என்பவருடையது. டயர் வண்டி, வானம் மறைய கரும்பு. இடது மாட்டின் கழுத்தில் மஞ்சளாக ஏதோ மின்னியது. நுகத்தடி அழுத்தி வரும் புண்ணைப் பற்றி முந்தைய வாரம்தான் பன்னிரண்டு பக்கம் படித்திருந்தேன்.

"இந்த மாட்டை அவிழ்த்துவிடுங்கள். இது இழுக்கக் கூடாது" என்றேன்.

"அது மஞ்சாவும் வேப்பெண்ணையும் சார். புண்ணு போன மாசமே ஆறிப்போச்சி. சும்மா பூசி வெச்சிருக்கேன்."

"சட்டப்படி குற்றம்." (எந்தச் சட்டம் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.)

என் வெள்ளைக் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கயிற்றில் கை வைத்தார். "இன்னிக்கு எடை போடலன்னா கரும்பு காஞ்சிபூடும் சார். மாத்து மாடு எங்கியாவது கெடைக்குதான்னு பாத்துட்டு வரேன். அதுவரிக்கும் நொகத்த யாரு தாங்குறது?"

ஒரு மாட்டை அவிழ்த்தால் நுகத்தின் அந்தப் பக்கம் தரைக்கு வரும் என்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. "ஐந்து நிமிடம்தானே, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று தோளைக் கொடுத்தேன். ஏழுமலை மாட்டை ஓட்டிக்கொண்டு கூட்டத்தில் மறைந்தார்.

இரண்டாவது நிமிடம் வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. அந்த வரிசையில் இடைவெளி விட்டால் பின்வண்டி முந்திவிடும். அப்புறம் கடைசியில் போய்த்தான் நிற்க வேண்டும்.

"யோவ், வண்டிய எடு" என்றார் பின்வண்டிக்காரர்.

"வண்டிக்காரர் இல்லை."

"அவன் இல்லன்னா இன்னா? மாடுங்க ரெண்டும் இருக்குதுல்ல."

ஒரு மனிதரின் மாட்டைப் பிடுங்கியாயிற்று, முறையையும் பிடுங்குவதா என்று இழுத்தேன். நாலு பேர் இறங்கி வந்து பின்னாலிருந்து தள்ளினார்கள், சிரித்த நேரம் போக. வலது மாடு என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு தன் பங்கு இழுப்பைக் குறைத்துக்கொண்டது.

"மச்சான், எடத்து மாடு கண்ணாடி போட்டிருக்குதுடா."

"படிச்ச மாடுடா அது. வால முறுக்காத, கோச்சிக்கும்."

வரிசை நின்று நின்று நகர்ந்தது, நானும் அப்படியே. எடை மேடை வரை இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு. மேடை ஓரத்தில் ஏழுமலை எதிரே ஓடி வந்தார். மாற்று மாடு கிடைக்கவில்லை. கையில் அதே மாடு. நுகத்தடியில் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அட பாவமே, நெசமாவே இழுத்துக்கினு வந்தீங்களா சார்?"

அவர் என்னை அவிழ்த்துவிட்டு அந்த மாட்டைப் பூட்டினார். நான் தடுக்கவில்லை. வண்டி மேடை ஏறியது. முறை தப்பவில்லை.

விஷயம் என்னை விட வேகமாகக் கடலூர் போயிருந்தது. டாக்டர் மறுநாள் ஆலை வாசலுக்கே வந்து, அடுத்த நடை கரும்போடு நின்ற அந்த மாட்டின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு என் சட்டையை விலக்கி வலது தோளைப் பார்த்தார். வீக்கம், சூடு, வலி, தோல் உரிவு, நான்கும் இருந்தன.

"இதான் நொகப்புண்ணு. எழுதிக்க" என்றார்.

"இனம் என்ற இடத்தில் என்ன எழுதுவது, சார்?" (கையெழுத்துப் போய்விடுமோ என்ற பயத்தில் எதையாவது கேட்க வேண்டியிருந்தது.)

"நாகர்கோவில்னு போடு."

முகத்தில் சிரிப்பே இல்லாமல் கீழே கையெழுத்தும் போட்டார். மொத்தப் பயிற்சியிலும் நான் பதிவு செய்த ஒரே நுகப்புண் அதுதான்.

பட்டம் வாங்கி ஊருக்கு ஓடினேன். ஆறு வருடம் கழித்து அரசாங்கம் என்னைக் கடலூர் பக்கமே, சிதம்பரத்தை அடுத்த புவனகிரிக்குத் திருப்பி அனுப்பியது. சிதம்பரத்தில் பெண் பார்த்தார்கள். எங்கேயோ தெற்குக் கோடியிலிருந்து வந்தவன், யார் என்ன என்று தெரியாதே என்று பெண்ணின் அப்பா தயங்கினார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. பெண்ணின் தாய்மாமன் கரும்பு போடுகிறவர். வந்ததிலிருந்து என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல வாயைத் திறந்தார்.

"தாராளமா குடுங்க மாமா. நல்லா இழுப்பாரு. நானே பாத்திருக்கேன்."

அன்று அவருடையது நாற்பத்தொன்பதாவது வண்டியாம்.

கல்யாணம் ஆகி நாற்பத்து நான்கு வருடம். நேற்று காஸ் சிலிண்டர் வந்தது. மருமகள் தூக்கக் குனிந்தாள். "நீ வுடும்மா," என்றாள் என் மனைவி, "உங்க மாமா இழுப்பாரு."

இழுத்தேன்.