பரம்படித்த பிளாஸ்டிக் புல்

“இனிமே இந்த வீட்டுல யாரும் புல்லு பிடுங்கக் குனியப் போறதில்ல!”

பங்குனி மாதம் பதினோராம் தேதி காலையில், நாலாவது இட்லிக்கும் ஐந்தாவது இட்லிக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் தமிழரசன் செய்த பிரகடனம் இது. ‘யாரும்’ என்றால் வேறு யாருமில்லை, அவர்தான். வேளாண்மைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவரை, ஓய்வு பெற்ற மறுநாளே வாசலில் கோரை பிடுங்க உட்கார்த்தி வைத்தேன். ஊர் விவசாயிகளுக்கெல்லாம் களை எடுக்கச் சொல்லிக் கொடுத்தவர், சொந்தக் கையால் எடுத்தது அதுதான் முதல் தடவை. மூன்றே வாரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ கோரையை யாரு பிடுங்கறதாம்?”

“கோரையே வராது. செயற்கைப் புல்லு போடப் போறேன். வளராது, காயாது, தண்ணி கேக்காது, ஒரு வேலையும் வைக்காது.”

“ஒரு வேலையும் செய்யாம சும்மா கிடக்கிறதுக்கு இன்னொண்ணு வேறயா?”

அவர் ஐந்தாவது இட்லியைக் கவனமாகப் பிட்டார்.

என் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பாபநாசத்தில் எங்கள் வீட்டு வாசல் பதினெட்டுக்கு இருபது அடி மண் தரை. அதில் ஒரு சிமெண்ட் தளம் போட்டுக் கொடுங்கள், வெங்காய வடகமும் கூழ் வத்தலும் காயவைக்க வேண்டும் என்று நாலு வருஷமாகக் கேட்கிறேன். மாடி இல்லையா என்பீர்கள். மாடி முழுக்க சோலார் பேனல். அதுவும் இவர் உபயம்தான். அங்கே வெயில் பூராவையும் பேனல் குடித்துவிடுகிறது, வடகத்துக்கு நிழல்தான் மிச்சம். மண்ணில் பாய் விரித்தால் வடகத்துக்குப் பாதி, எறும்புக்குப் பாதி. நான் சிமெண்ட் என்று வாயெடுத்தால் அவரிடம் ஒரே பதில்தான்: “மண்ணை மூடக் கூடாது பாரதி. மண்ணு மூச்சு விடணும்.”

“இப்ப மட்டும் மண்ணு மூச்சு விட வேண்டாமா?” என்றேன்.

“புல்லுக்கு அடியில பொடி ஓட்டை இருக்கு. அது வழியா விட்டுக்கும்.”

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் இந்த வாசலில், சிமெண்ட் தளத்தில், என் வடகம் காயும். காய்ந்தே தீரும்.

மறுநாள் தஞ்சாவூரிலிருந்து ஜெக்கரியா வந்தார். பைபாஸ் ஹோட்டல் வாசல், ஜவுளிக்கடை மாடி, பிள்ளைகள் பந்து விளையாடும் டர்ஃப் என்று ஊரையே பச்சையாக்கிக்கொண்டிருப்பவர். பையிலிருந்து நாலு தினுசுப் புல்லை எடுத்து வைத்துவிட்டு, வாசலை டேப் பிடித்து அளந்தார்.

“சார், புல்லு சும்மா மேல விரிக்கிறதுதான். விஷயம் பூரா அடியில இருக்கு. அரை அடி மண்ணை வெட்டி எடுத்துட்டு ஜல்லி கொட்டணும். அதுக்கு மேல எம்-சாண்ட் போட்டு ரோலர் விடணும். முக்கியமா, தெருப் பக்கம் வாட்டம் குடுக்கணும். மழை பெஞ்சா தண்ணி ஓடிரணும்.”

எனக்குக் காது நிமிர்ந்தது. ஜல்லி, எம்-சாண்ட், ரோலர். நாலு வருஷத்துக்கு முன்னால் கொத்தனார் இராஜாங்கம், சிமெண்ட் தளத்துக்கு அடியில் என்னென்ன போட வேண்டும் என்று சொன்ன அதே பட்டியல்! என் வீட்டுக்காரர் கையாலேயே அதெல்லாம் இறங்கிவிட்டால், அப்புறம் மேலே கான்கிரீட் மட்டும்தானே பாக்கி?

கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் எனக்குக் கற்றுக்கொடுத்தது உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான். அதுவரை அது எனக்குப் பயன்பட்டதே இல்லை. அன்று பயன்பட்டது.

“லெவலைப் பத்தி என்கிட்டயே சொல்றீங்களா தம்பி?” இவர் சிரித்தார். “அடிவேலை பூரா நான் பாத்துக்கறேன். நீங்க புல்லும் பசையும் மட்டும் கொண்டாங்க.”

“வாட்டம் சார்...”

“வாட்டம்னா ஒரு பக்கம் பள்ளம். பள்ளம்னா தப்பு. ஒரு மூலை மேடு, ஒரு மூலை பள்ளம்னா அது என்ன வயலு?”

“இது வயலே இல்ல சார்.”

ஜெக்கரியா உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

சாயங்காலம் காபியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன்.

“ஏங்க, வயலை எப்படி அவ்வளவு சமமா கொண்டு வர்றாங்க?”

அவர் முகம் மலர்ந்தது. இருபத்தாறு வருஷத்தில் நான் விவசாயத்தில் சந்தேகம் கேட்பது அதுதான் முதல் தடவை. “சேறடிச்சுப் பரம்பு ஓட்டுவாங்க.”

“பரம்புன்னா? கான்வென்ட்ல இதெல்லாம் எங்க சொல்லித் தந்தாங்க!”

“நீளமா ஒரு பலகை பாரதி. சேத்து மேல இழுத்தா மேடு பள்ளமெல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி ஆயிடும். தண்ணி கட்டினா ஒரு சொட்டு கீழ இறங்காது!”

“ஒரு சொட்டு கூடவா?”

“ஒரு சொட்டு கூட!”

“அடேங்கப்பா! நம்ம வாசலுக்குக் கூட அப்படி லெவல் வருமா?”

விடிந்ததும் மண்ணை வெட்டி எடுக்க ஆள் வந்தது. பள்ளத்தில் தண்ணீர் கட்டி, வேட்டியை மடித்துக்கொண்டு அவரே மிதித்தார். மிதித்து முடித்ததும் ஒரு பழைய கதவுப் பலகையில் கயிறு கட்டி இழுத்தார். எதிர்வீட்டு ஷம்சாத் பால் பாக்கெட்டும் கையுமாக நின்றுவிட்டாள்.

“அக்கா, அண்ணன் என்ன வாசல்லயே குறுவை போடறாரா?”

“பேசாம பாரு ஷம்சாத். பலன் நல்லாருக்கும்.”

சேறு காய்ந்து பாறையானது. மணல் கரைந்து ஓடாமலிருக்க நாலு பக்கமும் நாலு விரல் உயரத்துக்குச் செங்கல் வரப்பு வைத்தார். உள்ளே ஜல்லி, எம்-சாண்ட், ரோலர். ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

சித்திரை பிறந்த வாரம் ஜெக்கரியா வந்து புல்லை விரித்து, ஒட்டி, முனை வெட்டினார். பச்சைப் பசேல். ஷம்சாத்தும் பார்க்க வந்தாள். நான் இதற்குத்தான் காத்திருந்தேன்.

“இதைப் பராமரிக்கிறது யாருங்க?”

“பராமரிப்பே கிடையாதுங்கறேன்!”

“கிடையாதுன்னா ஒத்துக்கறதுல என்ன கஷ்டம்?”

“சரி, என் பொறுப்பு. ஒரு தூசு விழுந்தாலும் நானே எடுக்கறேன்.”

“தண்ணி தேங்கினா?”

“நான் போட்ட லெவல்ல தண்ணி தேங்குமா? தேங்கினா அன்னைக்கே புல்லைப் பேத்துட்டு நீ கேட்ட சிமெண்டைப் போட்டுத் தரேன். போதுமா?”

“ஷம்சாத், கேட்டுக்கிட்டியா?”

“கேட்டேன்க்கா.”

“தம்பி, நீங்க?”

ஜெக்கரியா செங்கல் வரப்பை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்ப்பதுபோல. “கேட்டேன் மேடம்.”

முதல் நாள் பதினொரு மணிக்கு வெறுங்காலோடு புல்லில் இறங்கினார். இறங்கிய வேகத்தில் ஏறினார். மனிதர் அவ்வளவு உயரம் எம்பி நான் பார்த்ததில்லை.

“சுடுதா?”

“லேசா.” காலைத் தூக்கி வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு சொன்னார்.

சாயங்காலம் அதில் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமானால் நாலு மணிக்கே ஹோஸ் பிடித்துப் புல்லைக் குளிரவைக்க வேண்டும். வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்றவர் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்க்கத் தெருவே மெதுவாக நடந்தது. வேப்பம்பூ உதிரும் காலம் வேறு. பூ ஒவ்வொன்றும் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள, குனிந்து குனிந்து பொறுக்கினார். கோனார் வீட்டு மாடு ஒன்று வந்தது. ஒரு வாய் கடித்தது, நிறுத்தியது, அவரையே வெகுநேரம் பார்த்தது, போய்விட்டது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனாலும் விடவில்லை. “பழகிடும் பாரதி” என்றார். நானும் விடவில்லை. இருபது கிலோ சின்ன வெங்காயத்துக்குச் சொல்லி வைத்தேன்.

சித்திரை பதினைந்தில் கோடை மழை. ஒரே ஒரு மணி நேரம்தான், ஆனால் பூமிக்கும் வானத்துக்கும் கயிறு கட்டினாற்போல. விட்டதும் கதவைத் திறந்தோம். வாசலில் செங்கல் வரப்பு விளிம்பு வரைக்கும் தண்ணீர். புல் ஒரு ஓரத்தில் பசை விட்டு, முதலை முதுகு மாதிரி மிதந்தது.

“இப்ப இறங்கிடும்” என்றார்.

பொழுது சாய்ந்தது. இறங்கவில்லை. குளியலறை மக்கைக் கொண்டுவந்து தண்ணீரை இறைத்தார். எங்கிருந்தோ ஒரு தவளை வந்து மிதக்கும் முனையில் ஏறி உட்கார்ந்து, அவர் இறைப்பதை மேற்பார்வை பார்த்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “அண்ணே, தண்ணி கட்டியாச்சு. நடவு என்னைக்கு?”

அவர் மக்கைக் கீழே வைத்தார். “ஏன் இறங்க மாட்டேங்குது?”

“ஒரு சொட்டு கூட இறங்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகமும் இருபத்தாறு வருஷக் கல்யாணமும் ஒரே நேரத்தில் அவருக்குப் புரிவது முகத்தில் தெரிந்தது.

“பாரதி... பரம்புன்னா என்னன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்கப்பாவுக்கு அம்மாப்பேட்டையில ஆறு மா நிலம். பாரத்துக்குப் பரம்பு மேல என்னைத்தான் ஏத்தி நிறுத்துவாரு. சவாரி முடிச்சுக் காலைக் கழுவிட்டுத்தான் கான்வென்ட்டுக்கு பஸ் ஏறுவேன்.”

மறுநாள் கொத்தனார் இராஜாங்கம் வந்தார். புல்லைச் சுருட்டி, தெருப் பக்க வரப்பை உடைத்தார். அடிவேலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “யாரு போட்டது? பிரமாதம்! மேல வாட்டத்தோட கான்கிரீட் போட்டா போதும்” என்றார். என் வீட்டுக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

தளம் இறுக ஏழு நாள் அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அதை அவரிடமே விட்டேன். அச்சுப் பிசகாமல் செய்தார். அவர் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை அந்த வாசலில் கடைசியில் கிடைத்தது.

அக்னி நட்சத்திரம் முடிய எட்டு நாள் இருக்கும்போது சிமெண்ட் தளத்தில் வேட்டி விரித்து வடகம் உருட்டி வைத்தேன். வரிசை வரிசையாக, இருபது கிலோ. காக்கை விரட்ட ஆள் வேண்டுமே? புல்லில் இரண்டுக்கு இரண்டு அடி வெட்டி ஓரமாகப் போட்டு, கையில் குச்சியும் கறுப்புக் குடையும் கொடுத்து அவரை உட்கார்த்தினேன். பராமரிப்பு அவர் பொறுப்பு என்று ஒத்துக்கொண்ட புல்லல்லவா?

பதினொரு மணிக்கு வாசலிலிருந்து குரல் வந்தது.

“பாரதி, அடியில சுடுது.”

“தண்ணி ஊத்திக்கோங்க. வடகத்துல படாம.”