ரைட் கிளிக்குக்கு ஒரு பெரட்டு

ஸ்பிரிங்வெளி முழுக்கத் தேடினாலும் என் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போல ஒழுங்கான கம்ப்யூட்டர் கிடைக்காது. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பதினெட்டு வருடமாக இந்தத் தேயிலைத் தோட்ட ஆபீஸில் செக்ரோல் கிளார்க். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது நான். நாள் முழுக்க வேலை செய்தால் முழுப்பேர், பாதியில் போனால் அரைப்பேர். அப்படிப்பட்டவன் வீட்டில், ஒரு ஃபைல் மேல் ரைட் கிளிக் பண்ணினால் முப்பத்தொரு வரி வந்து விழுகிறது! திரையின் உச்சியிலிருந்து அடிவரை தொங்குகிறது. வீட்டுக்குள் ஏற்றிய ஒவ்வொரு மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு வரியைச் சொருகிவிட்டிருக்கிறது. 'காப்பி' எங்கே என்று தேடிப் பிடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகும்.

"ஆர்த்திகா, நான் ஒரு முடிவு எடுத்துட்டேன்," என்றேன்.

என் மனைவி தோட்டப் பாடசாலையில் டீச்சர். அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"எதை உடைக்கப் போறீங்க?"

"உடைக்கல. துப்புரவு பண்ணப் போறேன். ரைட் கிளிக்கை."

"நீங்க துப்புரவு பண்ணித்தானே பிரிண்டர் காணாமப் போச்சு?"

"பிரிண்டர் காணாமப் போகல. கம்ப்யூட்டருக்கு அதை அடையாளம் தெரியாமப் போச்சு."

புது நோட்டு வாங்கினேன். முப்பத்தொரு வரியையும் அதில் எழுதினேன். ஒரு வாரம் பெரட்டு. அழுத்தப்பட்ட வரிக்கு அன்றைக்கு முழுப்பேர். கை தவறி அழுத்தினால் அரைப்பேர்.

"நீயும் எதை அழுத்தினாலும் இதுல பேர் போடணும்," என்று ஆர்த்திகாவிடம் உத்தரவு போட்டேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். என்ன செய்தாள் என்று கவனிக்க எனக்கு நேரமில்லை. நான் நோட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் பார்த்தால், வேலைக்கு வந்தது ஐந்தே ஐந்து வரி. வராதவனுக்கு எதற்குப் பேர்? கம்ப்யூட்டரின் அமைப்பெல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கி இருபத்தாறையும் வெட்டினேன். ரைட் கிளிக் பண்ணினேன். ஐந்து வரி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சேந்தனைக் கையோடு இழுத்துவந்து காட்டினேன்.

"என்னண்ணே, ஒண்ணுமே இல்லையே!"

"அதுதான் தம்பி சாதனை," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொன்றரை மணிக்கு, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஃபைல் எல்லாத்தையும் ஒரே ஸிப்பா கட்டுற வரி எங்க?"

"அது வேலைக்கு வரல. பேரை வெட்டிட்டேன்."

"தவணைப் பரீட்சைக்கு ஒருக்காதாங்க அதுக்கு வேலையே! கவ்வாத்து வெட்டுற ஆளு கொழுந்தெடுக்க வரலைன்னு பேரை வெட்டுவீங்களா?"

பதினெட்டு வருடத்தில் எந்தத் தோட்டத் துரையும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"தனித்தனியா அனுப்பேன்."

"போன தவணை அப்படி அனுப்பித்தான் மூணாம் வகுப்புக் கணக்குப் பேப்பர்ல அஞ்சாம் வகுப்புப் பக்கம் சேர்ந்து, புள்ளைங்க அழுதுச்சுங்க. பதினாலு பேப்பரும் ஒரே கட்டா வேணும்னு நானா சொல்லிட்டாரு."

நானா என்றால் பதுளையில் அச்சடிக்கும் ஸஹாப்தீன் நானா. அந்த நேரம் பார்த்து அவரே போன் எடுத்தார்.

"டீச்சர்ட பேப்பர் இன்னும் வரல்லயே, கிளார்க் ஐயா? பன்னெண்டுக்கு முந்தி வந்தா பொடியனுக்கு அச்சடிக்கக் குடுத்துட்டுப் போவன். இல்லாட்டி கடைய பூட்டிட்டு வெலிமடைக்குக் கலியாணத்துக்குப் போறன். புதன்கிழமதான் வருவன்."

"வந்துக்கிட்டே இருக்கு, நானா!"

பரீட்சையே புதன்கிழமைதான். நான் பாய்ந்துபோய் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். எதை எங்கே வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. நூற்றிருபது பிள்ளைகள் கேள்வித்தாள் இல்லாமல் உட்கார்ந்து என் வீட்டுத் திசையைப் பார்ப்பது போல இருந்தது. உண்மையாகவே பயந்துவிட்டேன். மணி பதினொன்று நாற்பத்தைந்து.

"எழும்புங்க," என்றாள் ஆர்த்திகா.

லாச்சியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் சொருகினாள். இரண்டு தட்டு. முப்பத்தொரு வரியும் வரிசையாக வந்து நின்றன. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேப்பர்க் கட்டு பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது.

"பழைய ரெஜிஸ்ட்ரிக் காப்பியை இதுல எப்ப எடுத்து வச்ச?"

"நீங்க நோட்டு வாங்கின அன்னிக்கு."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தது. இப்படி ஒரு மனைவி ஸ்பிரிங்வெளியில் வேறு யாருக்கு இருக்கிறாள்? சேந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென் டிரைவ் என் யோசனை என்று மட்டும் மாற்றிச் சொன்னேன்.

மறுநாள் ரைட் கிளிக் பண்ணினேன். முப்பத்திரண்டு வரி! உச்சியில் புதிதாக ஒன்று: 'அவர் கை வச்சதைச் சரிசெய்.' அதை அழுத்தினால் நான் மாற்றியதெல்லாம் பழையபடி ஆகிவிடுமாம்.

"இது வேலைக்கே வராத வரி. ஒரு வாரம் பெரட்டு வச்சு நிரூபிச்சு, பேரை வெட்டுறேன் பாரு!" என்று சவால் விட்டேன்.

"தாராளமா வைங்க," என்றாள்.

நேற்றோடு அந்த வாரம் முடிந்தது. ஒருநாள்கூடத் தவறாமல் முழுப்பேர் வாங்கியது அந்த ஒரு வரிதான். ஏழு நாளும் அழுத்தியது நான்.