நான் தலையாட்டியதால் வந்த அம்மன்

மேரு,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் வேலாயுதம் அவர்களுக்கு, கார்த்திகேசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் ஓரளவு நலம். தாங்களும் என் தங்கையும் செலாயாங்கில் நலமாக இருப்பீர்கள், இக்கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையாவது. வாட்சாப்பில் எழுதினால் தங்கள் மகள் தாரா பார்த்துவிடுவாள் என்பதால் தபால்.

கோபுரப் பொம்மை செய்பவனிடம், தாரா அமைக்கும் நவீன நடனத்துக்கு மேடைப் பொருளும் உடையும் கேட்கலாமா என்று அன்றே தயங்கினேன். "நம்ம தாராதானே, செஞ்சி கொடுங்க லா மச்சான்" என்றீர்கள். அடுக்குமாடி வீட்டில் தனியாக வாழும் ஒரு பெண்ணைப் பற்றிய ஆட்டமாம். ஆடுபவர்கள் தூக்கிச் சுற்றும்படி ஒரு பெண் சிலை கேட்டாள். நாற்பது வருடப் பழக்கம், சிமெண்டில் செய்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் லோரியிலிருந்து இறக்கவே எட்டுப் பேர் வேண்டியிருந்தது. உடையையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, சிற்ப முறைப்படி உடல் உயரம் ஒன்பது முகநீளம் என்று கணக்கிட்டு வெட்டினேன். ஆடுகிற ஷாமினி ஏழரை முகம்தான் இருக்கிறாள், இரண்டு முறை அளந்தேன். மிச்சம் ஒன்றரை முகத்துத் துணி காலில் சிக்கி, முதல் குதிப்பிலேயே விழுந்தாள். "அங்கிள், நான் மனுஷி அங்கிள், சாமி இல்ல!" என்று தரையிலிருந்தே கத்தினாள். குறித்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம் என்பது தாங்கள் அறிந்ததே. அதுவரைக்கும் கண்ணில் மஞ்சள் துணி கட்டியிருந்தேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் புஷ்பவல்லி எட்டிப் பார்த்து, "அண்ணே, அம்மனாண்ணே இது? எப்பண்ணே கண்ணு தொறக்கறீங்க?" என்றார். இது அடுக்குமாடித் தனிமை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டேன். மறுநாள் காலையில் மாலை, எலுமிச்சம்பழம், வாசலில் முப்பத்திரண்டு ஜோடிச் செருப்பு. ஒத்திகை நடுவே ஓர் அம்மா, சாமி வந்து ஆடுகிறாள் என்று நினைத்து ஷாமினியின் காலில் விழுந்து, "எம் மகனுக்கு எப்ப தாயி கல்யாணம்?" என்று அழுதார். மூன்று நிமிடம் பொறுங்கள் என்று ஷாமினி மூன்று விரலைக் காட்டினாள். அந்த அம்மா மூன்றாம் மாதத்துக்குக் கல்யாண மண்டபம் பார்க்கப் போய்விட்டார்.

"யாரு இத அம்மன்னு கிளப்பிவிட்டது?" என்று தாரா எல்லாரையும் விசாரிக்கிறாள். விளக்குப் போடும் முகுந்தன்மேல் சந்தேகமாம். பாவம், அவன் பேசவே மாட்டான். சனிக்கிழமை நிகழ்ச்சி. சிலையையும் நகர்த்த முடியாது, கும்பிடுகிறவர்களையும் நகர்த்த முடியாது. ஆட்டிய தலை என்னுடையது என்று தாங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்லி, என்னை விடுவித்துவிடுங்கள். எனக்குத் தைரியம் போதவில்லை.

தங்கைக்கு என் ஆசிகள். தங்களுக்கு இரத்த அழுத்தம் ஏறாதிருக்க வேண்டிக்கொள்கிறேன். எந்த அம்மனிடம் என்று கேட்காதீர்கள்.

தங்கள்,
கார்த்திகேசு

பி.கு.: தாராவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் தபால்தலை தேடிய நேரத்தில் அவளே வந்து முழுவதையும் படித்துவிட்டாள். முகுந்தனிடம் அவள் மன்னிப்பும் கேட்டுவிட்டாள். சனிக்கிழமைக்கு ஒரு நாற்காலிகூட மிச்சமில்லையாம், புஷ்பவல்லி முதல் வரிசையாம். "மாமா, அடுத்த மாசம் ஈப்போல ஆடறோம். அங்கயும் சிலை நீங்கதான். சிமெண்ட்லயே செய்யுங்க, சரியா?" என்றாள். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். தலை ஆடிவிட்டது.