நகர மறுத்த பொம்மை

"ஐயோ, பொம்மை நகரவே மாட்டேங்குதே!"

லிஃப்ட்காரர் போட்ட கூச்சலில் சமையலறையில் ஒரு மூடி தானாகவே கீழே விழுந்து உருண்டது.

கடல் கடந்த ஊரில் அவருடைய மகள் அன்றைக்கு ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடத்துக்குள். போன வருடம் விபத்தில் முழங்கால் நொறுங்கி, "இனி நடந்தாலே பெரிய விஷயம்" என்று டாக்டர் கைவிரித்த மகள். ஓட்டத்தைப் போனிலேயே பார்க்க ஒரு செயலி அனுப்பியிருந்தாள். அது கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆம், ஆம்" என்று அமுக்கி உள்ளே போய்விட்டார். திரையில் ஒரு நீளக் கோடு. அதன் தொடக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பொம்மை. ஓட்டம் தொடங்கும் மணி அடித்து ஆறு நிமிடமாகியும் அது கல்லாட்டம் நின்றது.

"கால் வலிக்குதோ என்னவோ! போனை எடுக்கவும் மாட்டேங்கிறாளே!"

"ஓடுறவ எப்படிங்க போன எடுப்பா? இங்க நெட்டு சரியில்லாம இருக்கும். மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

முப்பத்துநாலு வருடம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு மாடி ஏறி இறங்கியவர் அவர். படிக்கட்டு என்பது அவருக்கு மற்றவர்களின் பிரச்சினை. ஆனாலும் ஏறினார். பொம்மை ஒரு துளி நகர்ந்தது! போனுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது.

"கேட்டியாடி! ஊரே நம்ம பொண்ணுக்குக் கை தட்டுது!"

மாடியில் நின்று மூச்சு வாங்கினார். பொம்மையும் நின்றது. கைதட்டலும் நின்றது.

"ஊர்க்கோடியில டவர் இருக்கே, அங்க போங்க!" என்று கீழிருந்து குரல் வந்தது.

போனார். போகப் போகப் பொம்மை குடுகுடுவென்று ஓடியது. டவரடிக்கு வந்து, "அப்பாடா" என்று அவர் சுவரில் சாய்ந்த மறுகணம் அதுவும் அசையாமல் நின்றது.

அப்போதுதான் லிஃப்ட்காரருக்கு ஞானம் பிறந்தது. பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு வந்த மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நான் நின்னா அவ நிக்கிறா! நான் போனா அவ போறா! பெத்த பாசம்டி! கடல் தாண்டி இழுக்குது!"

"அப்ப ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க!"

இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் இருந்தது. பதினெட்டு நிமிடம்தான் மீதி. எதிரே தையல்காரர் சைக்கிளில் வந்தார்.

"என்னண்ணே, யாராவது துரத்துறாங்களா?"

"தம்பி, என் மக தோத்துடுவா! ஏத்திக்க என்னை! மிதி!"

தையல்காரர் விமானம் கிளம்புவதுபோல மிதித்தார். போன் வீறிட்டது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து: 'வாகனத்தில் செல்வது தெரிகிறது. இரண்டு நிமிடம் பறிக்கப்பட்டது.'

"யாரைப் பார்த்துடா சொல்றே?" போனை நோக்கி விரலை ஆட்டினார் லிஃப்ட்காரர். "என் பொண்ணு பஸ்ல ஏறி ஓட்டப் பந்தயம் ஜெயிக்கிற ரகமா? இறக்குப்பா என்னை!"

இறங்கினார். ஓடினார். எப்படி ஓடினார் என்கிறீர்கள்! வலது செருப்பு அறுந்தது. இடது செருப்பை அவரே கழற்றி எறிந்தார். தெருநாய்கள் வேடிக்கையாகத் துரத்த ஆரம்பித்து, முடியாமல் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டன. பள்ளிக்கூட மைதானத்தை நாலு முறை சுற்றினார். மனைவி ஒரு பக்கமும் தையல்காரர் மறுபக்கமும் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"விடாதம்மா கண்ணு! முழங்காலாவது மண்ணாங்கட்டியாவது! ஓடு!" என்று போனைப் பார்த்துக் கதறியபடியே சுற்றினார் லிஃப்ட்காரர். கைதட்டல் மழையாகக் கொட்டியது. ஒரு நிமிடம்... இருபது வினாடி... மூன்று வினாடி...

பொம்மை கோட்டைத் தாண்டி இரண்டு கையையும் தூக்கியது!

தையல்காரர் லிஃப்ட்காரரின் மனைவிக்கும், அவள் தையல்காரருக்கும் மாற்றி மாற்றி வாழ்த்துச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் புல்லில் மல்லாந்து படுத்து, சிரித்துக்கொண்டே அழுதார்.

போன் அடித்தது. மருமகன்.

"மாப்பிள்ளே! ஜெயிச்சுட்டா பாத்தீங்களா! போனை அவகிட்ட குடுங்க!"

"அவளால பேச முடியாது மாமா. இங்க பேய்மழை, ஓட்டத்தையே நாளைக்குத் தள்ளி வச்சுட்டாங்க; போனை வச்சுக்கிட்டு அவங்கவங்க ஊர்லயிருந்தே ஓடுறவங்களுக்கு மட்டும் இன்னைக்கே நடந்துச்சு, அந்தப் பட்டியல்ல உங்க பேரைப் பாத்ததிலேயிருந்து, கைதட்டுற பொத்தானை அமுக்கி அமுக்கி, 'ஓடுப்பா, ஓடுப்பா'ன்னு கத்தியே அவளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு!"