ஜவ்பரின் தொண்ணூறு வீதம்

எத்தாளை ஊர் ஜவ்பர் தன் மனைவி ஸபீனாவை உம்மா வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தார். கோபமில்லை, சண்டையில்லை. எல்லாம் மென்பொருள் வளர்ச்சிக்காக.

கொம்பியூட்டருக்குள்ளேயே போன்களையும் டவர்களையும் நட்டு, சிக்னல் எங்கே போகும், எங்கே சாகும் என்று ஒத்திகை பார்க்கிற இலவச மென்பொருள் அது. உலகம் பூராவும் முப்பது நாற்பது பேர் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். தண்ணீருக்கு மேலே சிக்னல் போகிற பகுதியை ஜவ்பர் மார்தட்டித் தன் பொறுப்பில் வாங்கியிருந்தார். புதிய பதிப்பில் உழைத்தவர்களின் பட்டியல் வரும். அதில் தன் பெயரைப் பார்க்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. பதிப்பு வர இன்னும் பத்தே நாள்.

வேலையோ நகரவில்லை. அவர் கணக்கின்படி கரையிலிருந்து பேசினால், வீட்டுக்கு முன்னால் கடலோடு சேரும் களப்பின் நடுவில் நிற்கும் வள்ளத்துக்குக் கேட்க வேண்டும். நிஜத்தில் ஒரு நேரம் கேட்டது, மறுநேரம் செத்தது.

"எந்த மட்டுக்கு வந்திரிக்கி?" என்று தினமும் கேட்பாள் ஸபீனா.

"நூத்துக்குத் தொண்ணூறு வீதம், புள்ள."

"நோம்புக்கு முந்தியும் தொண்ணூறுதானே?"

"கடைசிப் பத்துத்தான் கஷ்டம்."

"வெப்சைட்ல வேற மாதிரி இரிக்கே? 'ஜவ்பர், முப்பத்தஞ்சு வீதம், ரெண்டு மாசமா அசைவில்ல' எண்டு?"

ஜவ்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத நீ எப்பிடிப் பாத்த?"

"ஆரும் பாக்கலாம், ஆரும் எழுதலாம் எண்டு நீங்கதானே பெருமையடிச்சீங்க."

இந்த வாயை வீட்டில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி நடக்காது. "உம்மாவப் பாத்துக் கன நாளாச்சு, ஒரு கிழமை நிண்டுட்டு வா" என்றார் தேன் ஒழுக. ஸபீனா மறுவார்த்தை பேசாமல் தன் உம்மாவின் ஊரான குறிஞ்சிப்பிட்டிக்கு பஸ் ஏறினாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

லீவு போட்டார். பாணும் சம்பலும் தின்றார். கதிரையை விட்டு எழும்பவில்லை. ஏழு நாள் முடிவில் முப்பத்தைந்து, முப்பத்தாறானது.

எட்டாம் நாள் ஸபீனா வந்தாள், வெயிலில் கறுத்துப்போய்.

"தம்பி றிஸ்மின்ட வள்ளத்துக்கு நாள் முழுக்கக் கரையில நிண்டு போன் கோல் எடுத்தேன். தண்ணி ஏறினா ஒரு இடத்துல அறுபடுது. வத்தினா அதே இடத்துல நல்லாக் கேக்குது. நீங்க களப்ப என்னெண்டு எழுதியிரிக்கீங்க?"

ஜவ்பர் பார்த்தார். ஏறாமல் இறங்காமல், சிமெந்துத் தரை மாதிரி எழுதியிருந்தார். சிக்னல் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்; தண்ணீர் மட்டம் மாறினால் தெறிப்பும் மாறும். ஜன்னலுக்கு வெளியே களப்பு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தபடிதான் பத்து வருஷமாகத் தேத்தண்ணீர் குடிக்கிறார்!

"அல்லாஹ்வே, நீ பெரிய ஆள் புள்ள!" மனதாரத்தான் சொன்னார். இப்படி வெயிலில் நின்று ஒன்றைக் கண்டுபிடிக்கத் தனக்கு ஏழு ஜென்மமும் போதாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பட்டியல் ஆசை விடுமா? "இத நானே அனுப்புறேன். உன்ட பேர் வேற, என்ட பேர் வேறயா?"

"முந்தாநாளே அனுப்பிட்டேன். அங்க தலைமை பாக்குறவர் என்ட பேரப் பட்டியல்ல போட்டுட்டார்."

"அப்ப நான்?"

"கவலப்படாதீங்க. நான் சொன்னத நிரலா எழுத ஒரு ஆள் வேணுமாம். வீட்டுல ஒருத்தர் சும்மாதான் இரிக்கார் எண்டு எழுதிப் போட்டிரிக்கேன்."